பாக்கியலெட்சுமியின் சொந்தப் பல்

பாக்கியலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தடிப்பாக நாலு; கடைசியாக ஒன்று மட்டும் மெல்லிசாக. அந்த மெல்லிசுதான் அவளுக்கு. அதையும் பால் விடாத சாயத்தண்ணியில் ஊறப்போட்டு, நாக்காலும் அண்ணத்தாலும் நசுக்கி விழுங்க வேண்டியிருந்தது. நாற்பத்தாறு வயதில் கைக்குழந்தை மாதிரிச் சாப்பிடுகிறோமே என்ற கோபம் தினமும் காலை ஐந்து மணிக்கே வந்துவிடும். ரொட்டிக்கல் சூடேறுவதற்கு முன்னால் அவளுக்குச் சூடேறிவிடும்.

பல் இல்லாமலில்லை. இருந்த பல்லெல்லாம் ஆடின.

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. பதினெட்டு வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவள். போன முதல் வாரம் மூன்று நாள் விடாத மழை. பக்கத்து நிரையில் நின்றவள் வெற்றிலையை மடித்து இவள் வாயில் திணித்து, இனிக் குளிரும் தெரியாது, பன்னிரண்டு மணிவரை பசியும் தெரியாது என்றாள். இரண்டும் உண்மைதான். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம் பாக்கியலெட்சுமியின் இடுப்பில் வெற்றிலைப் பை தொங்கியது. புருஷன் அழகர் தேயிலை ஆலையில் வேலை, அவனும் போடுவான். வரிசை வீடுகளான அந்த லயத்தில் போடாத ஆள் யார்?

அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. துப்புகிற எச்சிலெல்லாம் சிவப்பாக இருக்கும் இடத்தில் வெற்றிலைச் சாறு எது, இரத்தம் எது என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? ஒரு முறை காய்ச்சலில் நாலு நாள் வெற்றிலையைத் தொடாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலையில் வாய் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீர் ஓடும் கான் ஓரமெல்லாம் சிவந்து போனது. நாலு நாளாகப் போடாத வெற்றிலை எங்கிருந்து சிவக்கும் என்று குந்திய இடத்திலேயே கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்கு ஆறு மாதம் கழித்து, கொய்யாப்பழம் ஒன்றைக் கடித்தபோது கீழ்வரிசைப் பல் ஒன்று வலியே இல்லாமல் பழத்தோடு போய்விட்டது.

அழகர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்பது தோட்டத்துக் கணக்கு. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் இரண்டு பாக்கி இருப்பதாகச் சொல்லிச் சிரித்தான். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மூத்தவன் தயாபரன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பெரகலப் பக்கத்தில் பெண் பார்த்திருந்தார்கள். கல்யாணப் போட்டோவில் அம்மாவின் வாயை நினைத்துப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கழட்டிவிட்டு ஒரு பொய்ப்பல் செட் கட்டிக்கொள்ளலாம், டவுனில் ஒரு இடம் விசாரித்து வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னான்.

அழகரின் அக்கா விஜயலெட்சுமி லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில்தான் இருந்தாள். செட் கட்டி மூன்று வருஷம் ஆன அனுபவசாலி. பல் தொல்லை விட்டது, ஆஸ்பத்திரித் தொல்லை விட்டது என்று அவள் உபதேசம் பண்ணினாள். பேசி முடித்துச் சோற்றுக்கு உட்கார்ந்த விஜயலெட்சுமி, வழக்கம்போலச் செட்டைக் கழட்டித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வெறும் வாயால் மெல்லத் தொடங்கினாள்.

"ஏன் மதினி, பல்லு திங்கிறதுக்கா, காட்டுறதுக்கா?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி.

விஜயலெட்சுமிக்கு வாய் நிறையச் சோறு. முறைக்கத்தான் முடிந்தது.

அடுத்த கிழமை பாக்கியலெட்சுமி ஹல்துமுல்லை ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் துண்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்தாள். வீட்டாரைப் பொறுத்தவரை அவள் பல் கழட்டப் போயிருந்தாள். கழட்டும் நாற்காலியில் ஏறிப் படுத்த பிறகு, இதை வைத்துக்கொள்ள வழியே இல்லையா என்று கேட்டாள். பல் டொக்டர் ஒரு சின்ன சிங்களப் பெண். கையில் ஊசியோடு நின்றவள் அதைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை இழுத்து இன்னொரு முறை பார்த்தாள். பதுளையில் ஈறுக்கென்றே ஒரு டொக்டர் இருப்பதாகவும், போனால் நிறையத் தரம் போக வேண்டியிருக்கும் என்றும், பாதித் தமிழில் சொன்னாள். இருபத்தைந்து பேர் வந்தால் இருபத்தைந்து பேரும் கழட்டத்தான் சொல்வார்கள், நீங்கள்தான் முதல் ஆள் என்றும் சொன்னாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் படம் பிடித்துப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை றிப்தா என்ற தாதி தமிழாக்கினாள். ஈறுக்குக் கீழே பல்லின் வேரோடு கல் மாதிரி ஊத்தை படிந்திருக்கிறது; அது எலும்பைத் தின்றுவிட்டது; போன எலும்பு திரும்பி வராது. மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போன பிறகு சரிவில் வேர் தெரிய நிற்கும் தேயிலைச் செடி பாக்கியலெட்சுமியின் ஞாபகத்துக்கு வந்தது. அப்படி நிற்கும் செடியில் எத்தனையோ வருஷம் கொழுந்தெடுத்திருக்கிறாள்.

கடைவாயில் இரண்டு பல்லை எடுத்தே ஆக வேண்டும். மற்றதுக்கு ஈறைக் கீறி, விலக்கி, வேரைச் சுரண்டித் துப்புரவாக்கித் தைக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். ஆனால் அதற்கு முதலில் வெற்றிலையை விட வேண்டும், சொல்லிக் கொடுக்கிறபடி பல் துலக்க வேண்டும். நாலு மாதம் பார்ப்பேன், வாய் சுத்தமாக இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார் டொக்டர். றிப்தா தன் பங்குக்கு, "பொய் சொல்ல ஏலாது அம்மா, வாயத் தொறந்தா அவருக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த நாலு மாதத்தைப் பற்றிப் பாக்கியலெட்சுமி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. கொழுந்தெடுக்கும் மலையில் பத்து மணிக்கு எல்லாரும் வெற்றிலைப் பையை அவிழ்க்கும்போது அவள் நிரையை விட்டு இறங்கித் தண்ணீர் குடிப்பாள். சுண்ணாம்பு வாசம் காற்றில் வரும். தலை வலித்தது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழகர் மேல் எரிந்து விழுந்தாள். அவன் வெற்றிலை போடுவதானால் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விடப் பழகிக்கொண்டான். பல்லிடுக்கில் விடும் சின்னப் பிரஷ்ஷை அவள் இரண்டு வேளையும் நுழைத்துத் தேய்ப்பதைப் பார்த்து, துப்பாக்கிக் குழாய் துடைக்கிறாள் என்று லயமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று தேய்த்தாள். நாலாம் மாதம் வாயைத் திறந்து பார்த்த டொக்டர் ஈறு கீறத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வலது பக்கம் நவம்பரில் நடந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. வேரைச் சுரண்டும் சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது, கரிச்சட்டியைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டுவது போல. ஒன்றரை மணி நேரம். கைகள் இரண்டையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் பூரியாக வீங்கி, ஈறின் மேல் அப்பிய மருந்தோடு பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பினாள். பத்து நாள் கழித்துத் தையல் பிரித்தார்கள். வீக்கம் வற்ற வற்ற ஈறு மேலே ஏறிவிட்டது. பல்லெல்லாம் நீளமாக, நடுவில் இடைவெளி விட்டுத் தெரிந்தன. அப்படித்தான் தெரியும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். லயத்துக்கு அதை யார் சொல்வது?

"நாலு மாசம் பட்டினி கெடந்து பல்ல நீட்டிக்கிட்டு வந்திருக்காடி" என்றாள் விஜயலெட்சுமி.

"ஆமா மதினி. ஆனா தம்ளர்ல போட வேண்டியதில்ல" என்றாள் பாக்கியலெட்சுமி. பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தப் பல்லெல்லாம் சுரீர் என்று கூசியதை மட்டும் சொல்லவில்லை. ஆட்டம் குறைந்திருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் தயாபரனுக்குப் பரிசம் போட வேனில் போனார்கள். பெரகலச் சந்தியிலிருந்து உள்ளே இரண்டு கட்டைத் தூரம் தள்ளிப் பெண் வீடு. பெண்ணின் பெயர் தயானி. பெண்ணின் தாய்மாமன் மொனராகலையில் கரும்பு வைத்திருப்பவர். தகப்பனில்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தட்டு மாற்றிய பிறகு சம்பந்திமார் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துச் சபை பார்க்க வாயில் போட வேண்டும். போட்டால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு.

அழகர் எடுத்துப் போட்டான். மாமன் அடுத்து பாக்கியலெட்சுமியிடம் தட்டை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

முடியிறதுக்கா குடுத்தேன், போடுங்க தங்கச்சி என்றார் மாமன். டொக்டர் வேண்டாம் என்றிருக்கிறார், வாயில் இப்போதுதான் தையல் பிரித்தது என்று அவள் தன்மையாகத்தான் சொன்னாள். டொக்டருக்கு நம்ம சாங்கியம் தெரியுமா என்று அவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தட்டு நீட்டியபடியே இருந்தது. முதல் முதலாக நீட்டிய வெற்றிலையை வாயில் வைக்காத வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டபோது சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

தயாபரன் அம்மாவின் காதருகே குனிந்தான். "ஒரே ஒரு வாய்ம்மா. பதுளைக்குப் போய் யாரு சொல்லப் போறா?"

சீவல் பாக்கின் வாசம் அவளுக்கு நேர் மூக்கில் ஏறியது. நாக்குக்கடியில் எச்சில் ஊறியது. யாரும் சொல்லப் போவதில்லைதான். ஒரு வாயால் ஈறு அவிழ்ந்து விழப் போவதுமில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு வாய் என்றால் நாளைக்கு மலையில் பத்து மணிக்கு ஒரு வாய். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றவன். கை தலைப்பு முடிச்சு வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"அண்ணே, ஒங்க வெத்தலய ரெண்டு கையாலயும் வாங்கிட்டேன். ஒங்க புள்ளயயும் அப்புடித்தான் வாங்குவேன். வாங்குறது ஒங்களுக்கு நான் குடுக்கிற மருவாதி. மெல்லுறது என் வாயி. அத என்கிட்டயே விட்டுருங்க."

"வெத்தல போடாத சம்பந்தம் நெலைக்காதும்பாங்க, தங்கச்சி."

"இருவத்தெட்டு வருசம் போட்டேன். என்னா நெலைச்சிருக்குன்னு நீங்களே பாருங்க."

சொல்லிவிட்டு வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். பல் போன பள்ளமும், நீண்ட பல்லும், புதுத் தோல் மூடிய ஈறும் முன்வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தன. மாமன் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

தயானியின் தாய் எழுந்து வந்து அண்ணன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "வாங்கிட்டாங்கல்லண்ணே, போதும். சோறு ஆறுது" என்றாள். அவ்வளவுதான். கல்யாணம் தை மாதம் என்று முடிவானது.

திரும்பும் வழியில் வேனில் அழகர் ஜன்னல் பக்கம் திரும்பி, பிறத்தியான் வீட்டில் வாயைப் பிளந்து காட்டிய பொம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான். கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் பிடிபடவில்லை. பாக்கியலெட்சுமி கேட்கவுமில்லை.

மறுநாள் காலையில் தயாபரன் கொழும்புக்குப் போக வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். இடது பக்கத்துக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த தேதி டிசம்பர் பதினெட்டு. அதைப் போட்ட கிளினிக் அட்டை சாமி படத்துக்குக் கீழே செருகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் கிழித்தால் முன்பல்லும் நீண்டுவிடும்தானே என்று கேட்டான். நீளும் என்றாள். ஆஸ்பத்திரியில் வேறு தேதி கேட்டால் கொடுப்பார்களா என்றான். கொடுப்பார்கள், ஆறு மாதம் தள்ளிக் கொடுப்பார்கள், அதற்குள் அந்தப் பக்கம் நிற்குமா என்று டொக்டருக்கே தெரியாது என்றாள். சொல்லிக்கொண்டே இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி இறுக்கினாள். வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகியிருந்தது.

"கல்யாணம் முடியிற வரைக்குமாவது விட்டு வைக்கக் கூடாதாம்மா? எனக்காக?" என்றான் தயாபரன். குரலில் அதட்டல் இல்லை. சின்ன வயதில் ஏதாவது கேட்கும்போது வரும் குரல் அது.

பாக்கியலெட்சுமி அட்டையை எடுத்தாள். தூசியை முந்தானையால் துடைத்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து, காம்பராவை விட்டு வெளியே போனாள்.