லேடீஸ் கேட்டில் பார்த்த நைனாக்கள்

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் படமெல்லாம் ஓசி என்று ஊரே பொறாமைப்பட்டது. ஒரே படத்தை ஐம்பது தடவை பார்த்தால்தான் அந்த ஓசியின் லட்சணம் தெரியும். எழுபதுகளில் சித்தூரில் எனக்கு அந்த வேலை. பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிப்போய் அவஸ்தைப்பட்டவர்களுக்குச் சினிமா அப்பாக்கள் மேல் எனக்கிருந்த எரிச்சல் புரியும்.

முதல் ரீலில் சாவு

அடுத்தடுத்து வந்த நான்கு படத்திலும் அப்பா முதல் ரீலிலேயே செத்தார், இல்லை ஓடிப்போனார். நான்காவது படம் விட்டதும் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அம்மா புடவையைப் பிடித்து அழுதாள். "நம்ம நைனா எப்போம்மா போயிடுவாரு?" அவளைப் பெற்ற அந்த நைனா பாலசமுத்திரத்தில் நன்றாகத்தான் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பன் பிழைத்திருக்கிற படம் ஒன்றுகூடவா கிடைக்காது என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பன் உயிரோட இருந்தா, ஹீரோ எதுக்கும்மா சண்டை போடப் போறான்?"

கோட்டுப் போட்ட அப்பா

இன்னொரு படத்தில் வந்த அப்பா வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டிருப்பார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடும் அவர்களுடைய அம்மாவோடும் வந்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன், படம் முடிந்து வெளியே வந்தான். வாசலில் அவன் அப்பா, முழங்கால் வரை சேறோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "யார்றா அது?" என்று சிநேகிதர்கள் கேட்டார்கள். "எங்க வூட்டு வேலையாள்" என்றான். அவன் காதைத் திருகக் கை நீட்டினேன். அதற்குள் அந்த மனிதர் காரியரைத் துண்டால் துடைத்துவிட்டு, தலை குனிந்தபடி மகனிடம் சொன்னார்:

"ஏறுங்க சின்னய்யா, போலாம்."

ரெட்டை ஜடை

பிறகு என்னைத் திருப்பதிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஒருநாள் இடைவேளையில், மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஒருவர், தன் எட்டு வயது மகளுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார். அன்றைய படத்தில் பிள்ளைக்குத் தலை வாரியவன் காமெடியன். அதனால் சுற்றி நின்ற பிள்ளைகள் இவரையும் கை காட்டிச் சிரித்தார்கள். அவர்களுடைய அம்மாக்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெற்ற பெண்ணுக்குத் தலை வாரினால் கோமாளியா என்று கத்தப் போனேன். அந்தப் பெண் பல்லில் கடித்திருந்த ரிப்பனை எடுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள்:

"ஏன், உங்க நைனாவுக்கு ரெட்டை ஜடை போட வராதா?"

சில படங்களுக்கு 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அப்பா வருகிற படங்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.