வியாழக்கிழமை இரண்டு மணி நேயர்கள்

என் சித்தப்பா மைக் முன்னால் தொண்டையைச் செருமினால் போதும். ஓடுகிற ரயில் நின்று கேட்கும், பல் பிடுங்க உட்கார்ந்தவன் வலியை மறப்பான், செத்தவர்களில் பாதிப்பேர் எழுந்து உட்காருவார்கள். மீதிப்பேர் தனியார் எஃப்.எம். கேட்கிறவர்கள்.

அரசு வானொலியில் பகல் இரண்டு மணி இருபத்திரண்டு வருடமாக அவருடையது. காணாமல் போனவர்கள் அறிவிப்பு, பஸ் நேர மாற்றம், ஆஸ்பத்திரி நேரம். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை வாசிப்பார். "தேடறவங்க பதட்டத்துல இருப்பாங்க, ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாது" என்பார். அதே நேரத்தில் தனியாரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கலாய்த்துப் பாட்டுப் போட்டு மிக்சி பரிசு கொடுப்பார்கள். ஊரே அங்கேதான்.

இப்போது அரசு வானொலிக்கும் விளம்பரம் வேண்டுமாம். புது இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த சர்வேல ஆள் தேறலைன்னா ரெண்டு மணிக்குப் பாட்டுதான்."

சர்வே என்பது ஒரு நோட்டு. சில வீடுகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். கால் மணிக்கு ஒரு கட்டம். எந்த ஸ்டேஷன் கேட்டோமோ அதில் டிக் போட வேண்டும். எங்கள் மாடி வீட்டுத் தையல்கார அக்காவுக்கு ஒன்று வந்தது.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே நேரமில்லை. நீயே கிறுக்கிக் குடுடி."

கிறுக்கினேன். பத்தாவதில் கோட்டை விட்டவள்தான், ஆனால் டிக் போடுவதில் கரை கண்டவள். ஏழு நாளும் இரண்டிலிருந்து மூன்றுவரை சித்தப்பாதான். அக்கா, அவள் புருஷன், மாமியார், மூவரையும் நோட்டிலேயே உட்கார்த்திவைத்துக் கேட்க வைத்தேன்.

முடிவு வந்தது. இயக்குநர் எல்லோர் முன்னாலும் தாளை ஆட்டினாராம்.

"வட்டாரம் பூரா உங்களுக்கு மூணே பேர். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு டிரான்ஸ்மிட்டர் படுத்து ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. அன்னைக்கும் அதே மூணு பேர் கேட்டிருக்காங்க! நீங்க பேசினாலும் பேசாட்டியும் ஒண்ணுன்னா, நீங்க எதுக்கு சார்?"

அறையே சிரித்ததாம். திங்கட்கிழமை முதல் பாட்டு. சித்தப்பா பழைய டேப் அறைக்கு.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாடி வீட்டு நோட்டை யாருடி எழுதினது?"

"எனக்கென்ன தெரியும்? நல்ல ரசிகருங்க போல."

"எண்பத்தோரு வயசு நேயர் ஒருத்தர்னு போட்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

நான் சிரித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொய் எழுதினே, சரி, எனக்காக எழுதினே. வியாழக்கிழமை ரேடியோவுல நான் வரலைன்னு உனக்குத் தெரியலையே." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப நீயும் கேக்கறதில்லை."