ரவாங்கில் நான்கு எலுமிச்சை

மலேசியாவின் ரவாங்கில் நான் மழைக்கு ஒதுங்கிய டயர் கிடங்கு, முன்பு உள்ளரங்க ஸ்கேட்போர்டு மைதானம். அது மூடிப் பல வருடமாகிறது. பலகைகள் பாய்ந்த சிமெண்டுச் சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. மேல்தட்டிலிருந்து உருட்டிவிட்ட டயர்கள் அதில் இறங்கி லோரியருகே வந்து விழுகின்றன.

"இதை ஏன் இடிக்கவில்லை?" என்று கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கவிதாவிடம் கேட்கிறேன்.

"இடிக்கத்தான் வந்தாங்கண்ணே. நாங்க ஸ்கேட்டருங்களே கொழச்சு ஊத்துன சிமெண்டு, விட்ருவேனா? ஒரு டயர உருட்டிக் காட்டுனேன். முதலாளி இடிக்க வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டாரு லா. எனக்கு வேலையும் குடுத்துட்டாரு."

சாப்பாட்டு மணி அடிக்கிறது. கவிதா டயர்களுக்குப் பின்னாலிருந்து புத்தம்புது ஸ்கேட்போர்டு ஒன்றை எடுக்கிறார். புதுக் காருக்குச் செய்வதுபோல நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் சின்ன எலுமிச்சை வைத்து, ஏறி நசுக்குகிறார்.

"ஓரமா நில்லுங்கண்ணே. இதுக்குப் பிரேக் கிடையாது."