சட்டித் தண்ணீரைக் குடித்தது யார்?

நோன்பு மாதத்தில், பகல் நேரத்தில், வீட்டுக்குள் தண்ணீர் குறைந்தால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? நான் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன்.

தென்னூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். மூன்றாவது ஆள் பாதுஷா, பத்து வயது தாண்டிய பூனை. நோன்பு திறக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்று, சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) முடிந்ததும் மண்சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, ஜன்னலடியில் வைப்பேன். இந்த வருடம் மாலையில் பார்த்தால் தட்டு விலகியிருக்கும், தண்ணீர் கால்வாசி இறங்கியிருக்கும். சட்டி கசிகிறதோ என்று அடியில் துணி விரித்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் ஈரம். அவ்வளவு தண்ணீர் அதில் போயிருக்க முடியாது.

"மச்சான், முடியலன்னா நோன்ப விட்டுடுங்க. ஒளிஞ்சு குடிக்காதீங்க," என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம்! "துபாய் வெயில்ல நோன்பு வச்சவன்டி நான். என்னையா சொல்றே?" என்றவர், மறுநாள் கடைக்குப் போகாமல் சட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன்பே திருடன் பிடிபட்டான். பாதுஷா தட்டைக் காலால் தள்ளி, தலையை உள்ளே விட்டு, குடித்துக்கொண்டே இருந்தான். அவனுடைய கிண்ணம் ஏற்கெனவே காலி.

"இவ்வளவு தண்ணியா குடிப்பான்?" என்றார். திருடனைப் பிடித்த பெருமை அவர் முகத்தில் இல்லை.

அதுவரை அந்தக் கிண்ணத்தை ஆளுக்கொரு தடவை நிரப்பிவிட்டு, வெயிலுக்குத்தான் இப்படிக் குடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டோம். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் கால்நடை மருத்துவரிடம் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்தவர், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்றார்.

"கிட்னி கெட்டா தண்ணி குடிக்காமத்தானே இருக்கணும் டாக்டர்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. நல்ல கிட்னி தண்ணிய மிச்சம் பிடிச்சுட்டு கழிவத் தள்ளும். இவனுக்கு அந்தச் சிக்கனம் போயிடுச்சு. வெளிய போறது ஜாஸ்தி, அதான் குடிக்கறதும் ஜாஸ்தி. தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க."

"குணமாகுமா?"

"போனது திரும்பாதுங்க. மிச்சத்தக் காப்பாத்தலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேள்வியும் கேட்டேன், என் சுபாவம் அப்படி. அவனுக்குப் போடும் கருவாட்டை நிறுத்தச் சொன்னார். பாஸ்பரஸ் (மீனிலும் எலும்பிலும் அதிகமுள்ள சத்து) குறைந்த தீனி தந்தார். தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து, அவர் சொன்ன அளவுக்குச் சலைன் (உப்புநீர்) ஏற்றக் கற்றுக்கொடுத்தார். ஏற்றியதும் முதுகில் சின்னத் திமில் ஒன்று எழுந்தது. அது மெல்லக் கால்பக்கம் இறங்கிக் கரைவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் பாதுஷா சாப்பிடுவதை நிறுத்தினான். தண்ணீரும் வேண்டாமென்றான். கழிவு சேர்ந்தால் குமட்டும் என்று மருத்துவர் அதற்கும் மருந்து கொடுத்தார். "தானா எழுந்து வாய் வைக்கறானான்னு பாருங்க," என்றார். சட்டியை மூடாமல் அவனுக்கே விட்டுவிட்டேன். மாலையில் தண்ணீர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். யார் குடித்தது என்று சண்டை போட்டவள், இப்போது குறையாத சட்டியைப் பார்த்துப் பயந்து நின்றேன்.

ஒருநாள் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், தண்ணீர் இறங்கியிருக்கிறது.

என் மனசு லேசில் நம்பாது. நான் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் இவர்தான் கொட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

"உண்மையச் சொல்லுங்க மச்சான். கொட்டினீங்களா?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல. அன்னிக்குக் குடிக்கவும் இல்ல, இன்னிக்குக் கொட்டவும் இல்ல."

பாதுஷாவைத் தூக்கி முகவாயைத் தொட்டேன். ஈரம்.

அன்று மஃரிப் பாங்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை அழைப்பு) சொன்னதும், முதல் மிடறு தண்ணீர் தொண்டையில் இறங்குவதைக் கண்மூடிக் கவனித்தேன். இத்தனை வருடம் நோன்பு வைத்தும், பகல் முழுக்க என் சிறுநீரகங்கள் எனக்காகத் தண்ணீரை மிச்சம் பிடித்ததை நான் நினைத்ததே இல்லை. என் தாகம் மஃரிப் வரை பொறுக்கும். அவன் தாகத்துக்கு நேரம் காலம் கிடையாது.

நோன்பு முடிந்துவிட்டது. சட்டி இன்னும் ஜன்னலடியில் திறந்தே இருக்கிறது. நாங்கள் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. குறைந்தால், அவன்தான் குடித்தான் என்று தெரிய வேண்டும்.