காப்பிப் பூவோடு ஒரு ராத்திரி இருந்த ஊதுபத்தி: சேலத்திலிருந்து செம்மநத்தம் வரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் காலையில் போய்விட்டு மாலையே திரும்ப முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு: முடியும். நான் இன்று பள்ளிக்கூடச் சீருடையிலேயே போய்விட்டு வந்தேன். ஏப்ரல் மாதம், முதல் மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. போவதற்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் நான் ஏரிக்கும் போகவில்லை, காட்சி முனைக்கும் போகவில்லை. ஒரு வாசனையைத் தேடிப் போனேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, அம்மாவின் பழைய போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர் எதுவும் எழுத மாட்டேன்.

எங்களுடையது பூஜை சாமான் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு எந்த ஊதுபத்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். எங்கள் கடைக்குக் குங்கிலியம் கொண்டுவந்து போடும் மலைக்காரர் ஒருவர் இருந்தார். குங்கிலியம் தெரியாதவர்களுக்கு: அது மரத்துப் பிசின், சாம்பிராணி மாதிரி புகைக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் அக்கா அவரைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் கடையில் குங்கிலியம் கிடையாது. கேட்டு வருகிறவர்களை அப்பா பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். அவள் பெயரையும் யாரும் சொல்லக் கூடாது. அவளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே இருந்துகொள்ளலாம், இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்பா எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார்.

போன வாரம் வகுப்பில் ஒருத்தி ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த ஊதுபத்தியைச் சரஸ்வதி படத்துக்கு ஏற்றினாள். செய்தித்தாளில் சுற்றியது, பெயர் கூட இல்லாதது. எரியும்போது குங்கிலியம்தான் தெரிந்தது. அணைந்த பிறகு மல்லிகை வாசம் வந்தது. அப்பா ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்கென்று மட்டும் உருட்டும் குச்சிகள்தான் அப்படி, அணைந்த பிறகு மணக்கும். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தது அக்கா மட்டும். எந்தக் கடை என்று கேட்டேன். ஏற்காட்டைத் தாண்டி இருக்கும் செம்மநத்தத்திலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்து போடுவதாகக் கடைக்காரர் சொன்னாராம்.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு ஏழரை மணிக்கு பஸ் ஏறினேன். அடிவாரத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, முன்னால் இருந்த சாமி படத்துக்கு இரண்டு ஊதுபத்தி ஏற்றினார். வெறும் சென்ட்டில் முக்கி எடுத்த குச்சி. மூன்றாவது வளைவிலேயே வாசனை காணாமல் போய்விட்டது. கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மேல எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். அத்தை ஊடு என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். பாதி மலை ஏறியதும் காற்று மாறியது. முதலில் ஈரமண். அப்புறம், எந்தப் பக்கம் என்று தெரியாமல், மல்லிகையா தேனா என்று சொல்ல முடியாத ஒரு வாசம் பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. எஸ்டேட் முழுக்கக் காப்பிச் செடிகள் பூத்திருந்தன. கிளை தெரியாமல் வெள்ளை. நூறு வாசனைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான், இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பயம் கூட மறந்துபோனது.

ஏற்காட்டில் இறங்கி செம்மநத்தம் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பாதை ஒடுக்கம். எதிரே ஜீப் வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். இறங்கிய இடத்தில் விறகு சுமந்து வந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன்.

"ஊதுபத்திக்காரி ஊடா? மூக்கு போற பக்கம் போ சாமி, கால் தானா போயிரும்" என்றார்.

அப்படித்தான் போனேன்.

அக்கா வாசலில் பலகை போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கரி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உருட்டிய குச்சியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்ன சொல்லிட்டு வந்தே?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

"நானும் அன்னிக்கு அதையேதான் சொல்லிட்டு வந்தேன். புதுசா ஒரு பொய் கூடக் கெடைக்கலையாடி உனக்கு?"

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். என் சீருடையில் கரி படக்கூடாது என்று கையைத் தூக்கிக்கொண்டே அழுதாள். மாமா காட்டுக்குப் போயிருந்தார். அவள் சோறு போட்டாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றி அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கடையில் இப்போது குங்கிலியம் போடுகிறாரா என்று. இல்லை என்றேன்.

பிறகு உள்ளே கூட்டிப் போய் ஒரு தகரப் பெட்டியைக் காட்டினாள். அப்பாவும் இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிறார். நிழலில் காய்ந்த குச்சிகளைப் பரப்பி, மேலே மெல்லிய வேட்டித் துணி விரித்து, அதன் மேல் மல்லிகையைக் கொட்டி ஒரு ராத்திரி மூடி வைப்பார். அக்கா மூடியைத் திறந்தாள். இந்த முறை மல்லிகைக்குப் பதிலாகக் காப்பிப் பூ. பஸ்ஸில் மலை முழுக்கப் பரந்து கிடந்த வாசம் ஒரு பெட்டிக்குள் அடங்கி இருந்தது. நான் எவ்வளவு நேரம் குனிந்தபடியே நின்றேன் என்று தெரியாது. பஸ் போய்விடும் என்று அவள்தான் தோளைத் தொட்டாள்.

ஒரு கட்டு கொடுத்தாள். பயந்துபோய் ஒரே ஒரு குச்சியை ஜியோமெட்ரி பாக்ஸில் குறுக்காக வைத்துக்கொண்டேன். போன் நம்பர் தருகிறேன் என்றாள். அம்மா போனில் அதை அப்பா பார்த்துவிட்டால் என்று அதையும் வாங்கவில்லை.

இறங்கும்போது, என்மேல் இருக்கும் வாசம் போகட்டும் என்று இருபது வளைவுக்கும் ஜன்னலில் தலையை வைத்துக் காற்று வாங்கினேன். சேலத்தில் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டேன். கடை வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அத்தனை வாசனைக்குள் என்னுடையது தொலைந்துவிடும் என்று நினைத்தேன்.

"நில்லு" என்றார் அப்பா.

கையை நீட்டினார். நான் பையைத் திறந்து பாக்ஸைக் கொடுத்தேன். அவர் குச்சியை மூக்கருகே கூடக் கொண்டுபோகவில்லை. நேரே ஏற்றி, கல்லாவுக்கு மேல் இருக்கும் சாமி படத்தில் செருகினார். அது எரிந்து முடிகிற வரை நான் நின்றேன், அவரும் நின்றார். கற்பூரம் கேட்டு வந்தவரை, செத்த இருங்க என்று நிறுத்தி வைத்தார். அந்த ஆளும் ஒன்றும் புரியாமல் எங்களோடு நின்றார். குச்சி அணைந்தது. பூ வாசம் எழுந்தது. அப்பாவின் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. அந்த வாசம் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை.

"இதென்ன பூ?"

"காப்பிப் பூங்கப்பா."

அவர் கற்பூரத்தை எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அந்த ஆள் போகிற வரை காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "குங்கிலியம் தூக்கலா இருக்குது. பூவை அமுக்குது. பாதி போதும்னு சொல்லு."

அவ்வளவுதான். சாப்பிட்டார், படுத்துவிட்டார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போவேனா, இந்த வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும், ஒன்றும் தெரியாது. இருமல் சத்தம் கேட்கும்போதெல்லாம் போனை அணைத்து அணைத்து எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காப்பிப் பூ ஒரு சில நாள்தான் நிற்கும், மழை பெய்த பத்து நாளுக்குள் போய்விடுங்கள். செம்மநத்தத்துக்கு பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊதுபத்தி வாங்கினால் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், காகிதம் நல்லது. ஏற்றினால் அணைகிற வரை பக்கத்திலேயே இருங்கள்.

நான் மறுபடி எப்போது போவேனோ தெரியாது. நீங்கள் யாராவது எனக்கு முன்னால் போனால், மூக்கு போகிற பக்கம் போங்கள். வாசலில் பலகை போட்டு, முழங்கை வரை கரியோடு ஒருத்தி உருட்டிக்கொண்டிருப்பாள். குங்கிலியம் பாதி போதுமாம் என்று அவளிடம் சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்க மாட்டாள். இருந்தாலும், அப்பா சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.