மிச்சம் தின்ன மறுத்தவள்

சட்டைத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரே மெஷினில் உட்கார்ந்து சட்டை சட்டையாகத் துளை போடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வாய்த்துடுக்கு அதிகம். சூப்பர்வைசரே அவளிடம் அளந்துதான் பேசுவார். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வாய் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

நாற்பத்து மூன்றாவது வயதில், ஒருநாள் காலையில் மெஷின் ஊசி மங்கலாகத் தெரிந்தது. துளைகள் ஒரு நூல் தள்ளித் தள்ளி விழுந்தன. பதினோரு சட்டை வீண். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டைப் பற்றிப் பேச நர்ஸிடம் அனுப்பினார்.

"ஒரு வாரம் வாயில போடுறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்கம்மா" என்றாள் நர்ஸ்.

'நான் என்னத்தப் பெருசா சாப்பிட்டுட்டேன்' என்று அலுத்துக்கொண்டே, சட்டையில் ஒட்டுகிற சைஸ் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனாள். நர்ஸ் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"மகள் மிச்சம் வச்ச பாதி ரொட்டி. அவர் தட்டுல இருந்த சோறு. அத்தை வேண்டாம்னு தள்ளின கேக். நேத்து மிஞ்சின குழம்பு, நின்னுக்கிட்டே." சீட்டைக் கீழே வைத்தாள். "ஏம்மா, இதுல உங்க சாப்பாடு எது?"

காஜா அக்கா சீட்டுகளை எடுத்துத் தானே ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான்; யார்மேல் என்றுதான் புரியவில்லை.

பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்பு, கால் தட்டு சோறு, வேளைக்கு, உட்கார்ந்து என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால், மேஜையைச் சுற்றி இருந்தது மூன்றே நாற்காலி. நான்காவது ஒன்று வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான். குளியலறையில் கிடந்த முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன இது புதுசா?" என்றான் கணவன். பஸ் டெப்போவில் எலக்ட்ரீஷியன் அவன்.

"பசிக்குது. சாப்பிடுறேன்."

மாமியார் கையைத் தட்டில் வைத்தபடியே கேட்டாள்: "அப்ப எங்களுக்கு யாரு பரிமாறுறது?"

"பாத்திரம் நடுவுலதான் இருக்கு அத்தை. கரண்டிக்குத்தான் கால் இல்ல, உங்களுக்குக் கை இருக்கே."

சாப்பிட்டு முடித்ததும் மகள் வழக்கம்போலத் தன் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினாள். காஜா அக்கா அதைத் திருப்பி நகர்த்தினாள்.

"சோத்தக் கொட்டுறதா? பாவம்டி!" என்று பதறினான் கணவன்.

"அப்ப நீங்க சாப்பிடுங்க. என் வயிறு குப்பைக்கூடை இல்ல."

பாவத்துக்குப் பயந்து அவனே தின்றான். மறுநாளும் தின்றான். மூன்றே வாரத்தில் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போனான். அதற்கப்புறம்தான், "கொஞ்சம் அளவா ஆக்கினா என்ன?" என்ற ஞானம் பிறந்தது.

மாமியார் பதினைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தில் காஜா அக்கா ஒருமுறை தோற்கவும் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது, மகள் மிச்சம் வைத்த இனிப்பு ரொட்டி தானாகவே அவள் வாய்வரை வந்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டாள். போட்ட பிறகும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனின் அண்ணன் தன் மனைவியோடு விருந்துக்கு வந்தார். அடுப்படியில் கணவன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

"அண்ணன் முன்னாடியாவது என் மானத்தை வாங்காதடி."

"நான் சாப்பிட்டா போற மானம்னா, அது ரொம்ப மெலிசுங்க. கொஞ்சம் கெட்டித் துணியாப் பாத்து எடுங்க."

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் மூத்தவர் உட்கார்ந்தார். காஜா அக்கா தன் முக்காலியை இழுத்துப் போட்டு, தட்டில் காயை அள்ளி வைத்துக்கொண்டாள். மூத்தவர் தன் தட்டை உற்றுப் பார்த்தார்.

சுவரோரம் கரண்டியும் கையுமாக நின்ற ஓரகத்தியிடம், "அக்கா, நீங்களும் உட்காருங்க" என்றாள்.

"எங்கே உட்கார?" என்று அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போய், வாளி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையோரம் கவிழ்த்து, அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்தாள். "அந்தக் கீரையை இப்படித் தள்ளு" என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. மாத்திரையை விடக் கூடாது என்றார் டாக்டர், அவள் விடவில்லை. ஊசி முனை பளிச்சென்று தெரிந்தது.

மாமியார் மட்டும் இன்னும் ஆறவில்லை. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுல மருமக எங்களுக்கு முன்னாடி சாப்பிடுறா" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி இல்ல அத்தை, கூடவே!" என்று உள்ளேயிருந்து உரக்கத் திருத்திவிட்டு, காஜா அக்கா அடுத்த வாயை நிதானமாக மென்றாள்.