மீன் சாப்பிடாதவரின் கேன்

அவரை எல்லோரும் கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. கேட்டால் சொல்லிவிடப்போகிறார்கள் என்று தோன்றும். சொல்ல மாட்டார்கள். தின்ற இனிப்பை மறந்துவிடுவார்கள், தின்னாத கீரையை எழுதிவிடுவார்கள். அதனால் ஒருநாள் முழுக்கப் போகும் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தரச் சொல்வார்கள். உப்பு, இறைச்சி, மீன் என்று எதைத் தின்றாலும் அதில் தடயம் இருக்கும்.

அந்தக் கேன்களை வீடு வீடாகப் போய் வாங்கி, பஸ் ஏறி, மதியத்துக்குள் சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு கேன்கள் வழியில் ஒழுகிவிட்டன. "இன்னொண்ணு ஒழுகினா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். லிப்ட் மெக்கானிக்கான கணவர் முதுகு பிசகி ஆறு மாதமாகப் படுக்கையில். மகள் கல்லூரியில் முதல் வருடம். வீட்டுக்கு வருவது அக்காவின் சம்பளம் மட்டும்தான்.

மூன்றாவது கேன் ஒரு தையல்காரம்மாவுடையது. கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்து பள்ளிச் சீருடை தைப்பவர். இறைச்சி, மீன் எதையும் தொடாதவர். கேனின் அளவைக்கூடக் கோடு பார்த்து, ஒன்றே முக்கால் லிட்டர் என்று ஃபாரத்தில் எழுதியிருந்தார்.

நிலையத்தின் படியேறும்போது பையின் காது அறுந்தது. கேன் படி விளிம்பில் மோதி மூடி தெறித்தது. அக்கா எட்டிப் பிடிப்பதற்குள் இரண்டு டம்ளர் அளவு படிகளில் வழிந்துவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. துடைப்பான் கொண்டுவந்து படியைத் துடைத்தார். பிறகு கேனுடன் கழிப்பறைக்குள் போனார். என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. குறைந்ததைத் தன்னுடையதால் நிரப்பி, மூடியை இறுக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது நாள் லேப்காரர் டாக்டரம்மாவின் அறையில் தாளும் கையுமாக நின்றார். அக்கா அங்கே லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா மீனே தொடமாட்டேன்னு எழுதியிருக்காங்க மேடம். கேன்ல மீன் நல்லா தெரியுது. மூணு வேளையும் போட ஒரு மாத்திரை குடுத்தோம்ல, அது முழுசா கேன்ல வந்திருக்கணும். அதுவும் குறையுது."

"மறைச்சிருப்பாங்க. கொஞ்சம் கொட்டியும் இருப்பாங்க."

"அது மட்டும் இல்ல. புரதம் கசியுது. கிட்னியைப் பாக்கச் சொல்லணும்."

அக்காவின் கையில் இருந்த லேபிள் விரலோடு ஒட்டிக்கொண்டது. கேன் கொட்டிய அன்று காலை வீட்டில் முந்தின நாள் மீனைச் சுடவைத்துத் தின்றுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அப்படியென்றால் அந்தப் புரதம் யாருடையது? அவருடைய அம்மா போனது சிறுநீரகம் கெட்டுத்தான். முதலில் கணுக்கால் வீங்கியது, பிறகு முகம். இரண்டே வருடம்.

"நீங்களே போய்ச் சொல்லி, திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துருங்க" என்றார் டாக்டரம்மா.

தையல்காரம்மா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "மீனா? நான் பொய் சொல்றேங்கறாங்களா?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கிட்னின்னா... எனக்கு யாரும் இல்லையே அக்கா. ஆஸ்பத்திரியில யார் நிப்பாங்க?"

சொல்லிவிடத்தான் அக்கா வாயைத் திறந்தார். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுகிறதா என்று மகள் பார்க்காதபோது மறுபடியும் அழுத்தினார். சனிக்கிழமை லேபிலிருந்து சிறுநீரில் புரதம் பார்க்கும் ஒரு சோதனைப் பட்டையை எடுத்துக்கொண்டு, அதே கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டார். மஞ்சளாகவே இருந்தால் ஒன்றுமில்லை. அறுபது வரை எண்ணச் சொல்வார்கள். இருபது எண்ணுவதற்குள் பட்டை பச்சையாகிவிட்டது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள ஆள் இருக்கு" என்றார்.

நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய்ப் பட்டையை மேசைமேல் வைத்தார். "அந்தக் கேன்ல ரெண்டு டம்ளர் என்னோடது மேடம்." ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை கேன் இப்படி?"

"இது ஒண்ணுதான்."

"நான் எப்படி நம்பறது?"

அக்கா கொண்டுவந்த கேன்களையெல்லாம் பட்டியல் போட்டு மறுபடி சோதித்தார்கள். வேறெதிலும் குறையில்லை என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலையே தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டார். அவர் தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டார். ஓரம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"மூணு நாளா தண்ணி குடிக்கக்கூட பயந்துட்டு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"தைரியம் வரல."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?" என்றவர், தைத்ததை மடித்து வைத்துவிட்டு, "உங்களுக்கு யாராவது இருக்காங்களா, ஆஸ்பத்திரியில நிக்க?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். "அப்பச் சரி. போங்க" என்று சொல்லி அடுத்த துணியை எடுத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆரம்ப நிலை என்றார்கள். ரத்த அழுத்தம் பல வருடமாகவே ஏறியிருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. மாத்திரை, உப்பில் கட்டுப்பாடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. கேன் எடுக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பின்கட்டில் குப்பிகளுக்கு எண் போடுகிறார். இன்னமும் முடிவுத் தாளைக் கணவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்.

தையல்காரம்மா ஆராய்ச்சியை விட்டு விலகவில்லை. புது ஃபாரத்தின் அடியில் தன் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்: கேனை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.